நாற்பத்தோராம் பக்கத்து அண்ணன்

“நல்லா இருந்துச்சுன்னு சொல்றே. ஆனா மூஞ்சியைப் பார்த்தா பல்லு வலிக்கிற மாதிரி இருக்கே?”

“அப்படியெல்லாம் இல்லையே.”

“கண்ணு வேற சிவந்திருக்கு. அழுதியா?”

“கடைசிப் பக்கத்துல மட்டும்.”

“அப்ப நல்லாத்தானே இருந்திருக்கு!”

“ஆமா... நல்லாத்தான் இருந்துச்சு.”

“அந்த ‘ஆமா’வுக்கும் இந்த ‘நல்லா’வுக்கும் நடுவுல ஒரு லாரியே போகலாம் போல இருக்கு. என்னடி விஷயம்?”

சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். நான் மடியில் இருந்த தாள்கட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அது இன்னும் புத்தகமாகவில்லை. அச்சடிப்பதற்கு முன் ஒரு தடவை பிழை பார்த்துக்கொள்ளச் சொல்லி அச்சகத்தில் கொடுத்த தாள்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், மேலே பெரிய கறுப்புக் கிளிப். வேற்று மொழிக் கதை ஒன்றைச் சித்தி தமிழில் மொழிபெயர்த்திருந்தார். அவருடைய முதல் புத்தகம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறார். வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லை மாட்டி, “இது தெளிவா இருக்கா?” என்பார். உடனே அதைக் கழற்றி வேறொன்றை மாட்டி, “இல்ல, இது தெளிவா இருக்கா?” என்பார். பத்து மணிக்குக் கடை. அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவார். இப்படிப் பதினான்கு மாதங்கள். எங்கள் மேசையில் ஒரு மூலை முழுக்க மை.

என்னை வீட்டில் எல்லோரும் பூச்சி என்பார்கள். முதலில் ‘புத்தகப் பூச்சி’ என்றுதான் இருந்தது. நாளாக நாளாகப் புத்தகம் உதிர்ந்துபோய்ப் பூச்சி மட்டும் மிச்சம். தூரத்து ஊர்க் கதைகள் என்றால் எனக்கு உயிர். பனி கொட்ட வேண்டும், கூரையில் புகைபோக்கி இருக்க வேண்டும், ரயில் நிலையத்தில் யாரோ ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான், எனக்குப் பசியே எடுக்காது. அதனால்தான் சித்தி முதல் வாசகியாக என்னைத் தேர்ந்தெடுத்தார்.

“சரி, பிடிக்காததை முதல்ல சொல்லு,” என்று சித்தி எதிரே உட்கார்ந்தார். “எனக்கு நெஞ்சு கெட்டி.”

அவர் விரல்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன. நெஞ்சு அவ்வளவு கெட்டி இல்லை என்று தெரிந்தது.

“நடுவுல மூணு அத்தியாயம் மூடுபனியாவே வருது. படிச்சுப் படிச்சு எனக்கே குளிர் எடுத்துடுச்சு.”

“அது நான் எழுதினது இல்லடி! அந்த எழுத்தாளர் போட்ட பனி. அதை நான் எப்படித் துடைக்க முடியும்? அப்புறம்?”

“அப்புறம்... அந்த டைரியை எழுதினது யாருன்னு நான் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன்.”

சித்தி நிமிர்ந்தார். “எப்ப?”

“நாற்பத்தோராம் பக்கத்துல.”

“நாற்பத்தோராம் பக்கத்துலயா! நான் முதல் தடவை படிச்சப்ப கடைசிப் பக்கம் வரைக்கும் எனக்குத் தெரியலையே. நீ மூளைக்காரிடி! துப்பறியும் பூச்சி!”

சித்தி என் தலையைக் கலைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. துப்பறியும் பூச்சி! கேட்கவே நன்றாக இருந்தது.

ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று நெருடியது. பிறந்தநாள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டது போல. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் பிரிக்கிற சுகம் போய்விட்டதே!

அந்தக் கதையை நான் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஊரில் ஒரு கடிகாரக் கடை. அந்த வீட்டில் இரண்டு பையன்கள். பெரியவனுக்குப் பதினான்கு வயது, சின்னவனுக்குப் பத்து. சின்னவன் பெரிய வாயாடி. மூத்தவனை மரியாதையாகக் கூப்பிடவே மாட்டான், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஒரு குளிர்கால மாலையில் கண்ணாமூச்சி ஆடும்போது, ஆள் உயரம் நிற்கும் பெரிய கடிகாரத்துக்குள் சின்னவன் ஒளிந்துகொள்கிறான். கதவைத் திறந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. ஊரே தேடுகிறது. பலனில்லை.

நாற்பத்தோராம் பக்கத்தில், அதே கடிகாரத்துக்குள் பெரியவனுக்கு ஒரு டைரி கிடைக்கிறது. வயதானவரின் நடுங்குகிற கையெழுத்து. பெயர் கிடையாது. எழுதியவர் யார்? எதற்காக ரகசியமாக அங்கே வைத்தார்? கதை முழுக்க அந்த மர்மம்தான்.

கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும். அந்தக் கடிகாரம் சின்னவனை அறுபது வருடம் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறது. அவன் அந்தப் பழைய காலத்திலேயே வளர்ந்து, தலை நரைத்து, எழுபது வயதுக் கிழவராகத் தன் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறான். மூத்தவனோ இன்னும் அதே பதினான்கு வயதில் கதவைத் திறக்கிறான். அந்த இடத்தில்தான் அழுதேன். எதிர்பார்த்திருந்தும் அழுதேன்.

எதிர்பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு அழுதிருப்பேன்!

“மணி பத்தரை,” என்றார் அன்று கடைக்கு லீவு போட்டிருந்த சித்தி. “ரெண்டு மணிக்கு அச்சகத்துல பிளேட் போடறாங்க. பக்கங்களைத் தகட்டுல பதிச்சுட்டாங்கன்னா அப்புறம் ஒரு புள்ளியைக் கூட மாத்த முடியாது. சரின்னு ஒரு போன் பண்ணிடணும். அதுக்கு முன்னாடி ஒரு காபி.”

அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

என் தங்கை குட்டி மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் தள்ளுவதுதான் அந்த வாரம் முழுக்க அவளுடைய முக்கியமான வேலை. அவளும் என்னைப் பூச்சி என்றுதான் கூப்பிடுவாள். “அக்கான்னு கூப்பிடு” என்று அம்மா நூறு தடவை சொல்லியாயிற்று. “பூச்சியைப் பூச்சின்னுதானே கூப்பிடணும்?” என்பாள்.

என் மூளையை அவளிடம் காட்டிக்கொள்ள ஆசை வந்தது.

“குட்டி, இங்க வா. ஒரு மர்மக் கதை சொல்றேன். உன்னால கண்டுபிடிக்கவே முடியாது.”

கடிகாரம் வரைக்கும் கதையைச் சொன்னேன். பிறகு நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்து, டைரியின் முதல் வரிகளைக் குரலை நடுங்க வைத்துப் படித்தேன்.

“‘இத்தனை காலம் கழித்து ஊர் திரும்பியிருக்கிறேன். என் அண்ணனைத் தேடித்தான் வந்தேன். என்னைப் பார்த்தால் அவனுக்கு அடையாளம் தெரியாது.’ சொல்லு பார்ப்போம். இதை எழுதினது யாரு?”

குட்டி பல்லை ஒரு தள்ளு தள்ளினாள். “அந்தச் சின்னப் பையன்தான்.”

நான் தாளைத் தாழ்த்தினேன். “எப்படிச் சொல்றே?”

“அண்ணனைத் தேடி வந்தேன்னு போட்டிருக்குல்ல? அந்த வீட்டுல அண்ணன் யாருக்கு இருக்கான்? சின்னவனுக்குத்தானே? இது கூடவா தெரியாது, பூச்சி?”

அவள் மறுபடி மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

அரை மணி நேரமாக என் தலையில் இருந்த துப்பறியும் தொப்பி அப்படியே நழுவி விழுந்தது. இரண்டாம் வகுப்பு! பல்லை ஆட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள். அப்படியானால் இதில் என் மூளைக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிட்டது. அண்ணன்!

சமையலறையிலிருந்து காபி வாசனையும் சித்தியின் பாட்டும் சேர்ந்து வந்தன.

சொல்லாமல் விட்டுவிடலாமா? சித்தி எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்! காய்ச்சல் வந்த வாரத்தில் கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுதினாரே. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஒன்பது தடவை மாற்றி மாற்றி எழுதினார். அந்தக் காகிதங்களின் பின்பக்கத்தில்தான் குட்டி படம் வரைகிறாள்.

ஒன்பது தடவை. அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வருவதற்கு முன்னாலேயே எல்லோரும், “அட, இவ்வளவுதானா” என்று தெரிந்துகொண்டு விடுவார்கள். நான் இன்று சும்மா இருந்தால், இரண்டு மணிக்கு அது தகட்டில் ஏறிவிடும்.

நான் தாளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

“சித்தி, ஒரு சந்தேகம். இந்த இடத்துல மூலத்துல என்ன சொல் இருக்கு?”

“எந்த இடம்? அண்ணனா?” சித்தி காபியை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “அந்த மொழியில அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்தான். கூடப் பிறந்த பையன்னா அவ்வளவுதான், பெரியவனா சின்னவனாங்கற கேள்வியே இல்ல. யாரைச் சொல்றாருன்னு எனக்குத்தான் தெரியுமே, அதனால அண்ணன்னு...”

டம்ளர் பாதியில் நின்றது.

சித்தி தாளை வாங்கினார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நானே சொல்லிட்டேன்,” என்றார் மெதுவாக. “அவர் பொத்திப் பொத்தி வெச்ச ரகசியத்தை நான் நாற்பத்தோராம் பக்கத்துல போட்டு உடைச்சுட்டேன்.”

“குட்டி கூடக் கண்டுபிடிச்சுட்டா,” என்று சொல்ல வந்தேன். அதை அப்படியே விழுங்கிவிட்டேன். அது இப்போது வேண்டாம்.

“இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, சித்தி,” என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மேசையில் தாள்களைப் பரப்பினோம். டைரி வருகிற இடங்களை எண்ணினோம். பதினோரு இடத்தில் ‘அண்ணன்’ உட்கார்ந்திருந்தான்.

“தம்பின்னு மாத்திடலாமா?” என்றார் சித்தி.

“அது பொய் ஆச்சே! கடைசியில படிக்கிறவங்க ஏமாத்திட்டீங்கன்னு சண்டைக்கு வருவாங்க.”

“சரிதான். பொய் சொல்லக் கூடாது, உண்மையும் தெரியக் கூடாது. ‘சகோதரனைத் தேடி வந்தேன்’?”

“கிரீடம் வெச்சுக்கிட்டு நாடகத்துல பேசற மாதிரி இருக்கு.”

“‘உடன்பிறந்தவனைத் தேடி’?”

“தமிழ்ப் பரீட்சை மாதிரி இருக்கு.”

சித்தி கண்ணாடிச் சில்லை மாற்றுவது போல ஒவ்வொரு சொல்லாக மாட்டிப் பார்த்தார். “இது தெளிவா? இல்ல, இதுவா?” நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சில சொற்கள் மிகவும் தெளிவு. சில சொற்கள் கண்ணையே கட்டின. மணி பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

“அக்காஆஆ!”

யார் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. என்னை அந்தச் சொல்லால் யாரும் கூப்பிட்டதே இல்லையே!

“அக்கா! கதவு திறக்கலை! அக்கா!”

குளியலறை! எங்கள் குளியலறைக் கதவு ஒரு பக்கம் இறங்கிவிட்ட கதவு. தாழ்ப்பாள் சில நேரம் மாட்டிக்கொள்ளும். இருவரும் ஓடினோம். குட்டி உள்ளேயிருந்து கதவைப் படபடவென்று தட்டினாள்.

கீழ்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு படிக்கட்டுக்கு வந்துவிட்டார். “என்னம்மா, யாரு கத்தறது?”

“ஒண்ணுமில்லண்ணே! எங்க வீட்டுப் பொண்ணு குளியலறையில மாட்டிக்கிட்டா!” என்று சித்தி குரல் கொடுத்தார்.

“எந்தப் பொண்ணு? பெரிசா, சின்னதா?”

“சின்னது!”

நான் கதவோடு வாயை வைத்துப் பேசினேன். “குட்டி, அழாதே. நான் இங்கதான் இருக்கேன். உள்ள இருக்கற கைப்பிடியைப் பிடிச்சுக் கதவை மேலே தூக்கு. நான் இந்தப் பக்கம் அடியில காலை வெச்சு நெம்பறேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னதும் தாழ்ப்பாளை இழு.”

ஒன்று, இரண்டு, மூன்று. டக்கென்று கதவு திறந்தது. குட்டி வெளியே பாய்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர். பல் மட்டும் பத்திரமாக ஆடிக்கொண்டிருந்தது.

“கத்தினியே, என்னன்னு கூப்பிட்டே?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் கூப்பிடலையே,” என்றாள். “பூச்சின்னுதான் கூப்பிட்டேன்.”

தையல்காரர் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டது இன்னும் என் காதில் இருந்தது. எந்தப் பொண்ணு? பெரிசா, சின்னதா?

“சித்தி!” என்று கத்தினேன். “அதேதான்!”

“எதுடி?”

“எங்க வீட்டுப் பொண்ணு! நீங்க அப்படிச் சொன்னதும் அவருக்குப் பெரியவளா சின்னவளான்னு தெரியலை. கேட்க வேண்டியிருந்துச்சு. டைரியில அதையே போடலாம். ‘எங்கள் வீட்டுப் பையனைத் தேடித்தான் வந்தேன்!’”

சித்தி சுவரில் சாய்ந்து நின்றார். உதடுகள் அசைந்தன. அந்த வரியை மனதுக்குள் மாட்டிப் பார்க்கிறார்.

“படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? தொலைஞ்ச பையனை யாரோ ஒரு பெரியவர் தேடிக்கிட்டு வந்திருக்காருன்னு நினைப்பாங்க,” என்றார்.

“ஆனா பொய்யும் இல்ல! அவருக்கு இப்ப எழுபது வயசு. அவர் அண்ணனுக்கு இன்னும் பதினாலுதான். எழுபது வயசுக்காரருக்குப் பதினாலு வயசு ஆளு பையன்தானே?”

சித்தி மேசைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். குட்டியும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

பென்சிலை நான் எடுத்துக்கொண்டேன். எல்லா இடத்திலும் அதையே போட முடியவில்லை. ‘என் அண்ணனின் பம்பரம்’ என்று இருந்ததை ‘எங்கள் வீட்டுப் பையனின் பம்பரம்’ ஆக்கினோம். ‘என் அண்ணனுக்கு இருட்டென்றால் பயம்’ என்ற இடத்தில் ‘அவனுக்கு’ என்பதே போதுமாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பதினோரு அண்ணன்களும் வெளியேறினார்கள்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். கதவு திறக்கிறது. பனியில் நிற்கிற கிழவர், எதிரே நிற்கிற பையனைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறார்.

‘அண்ணா.’

“இதையும் எடுத்துடவா?” என்று சித்தி கேட்டார்.

“ஐயோ, வேண்டாம்! இதை விடுங்க. முதல் அத்தியாயத்துல அவன் பேர் சொல்லித்தானே கூப்பிடுவான்? வம்புக்குன்னே அண்ணான்னு கூப்பிட மாட்டான். இவ்வளவு நேரம் இது பன்னிரண்டாவது அண்ணனா இருந்துச்சு. இப்ப இதுதான் முதல் தடவை. இவ கூட...” குட்டியைக் கண்ணால் காட்டினேன். “ரொம்ப பயந்தாதான் அந்தச் சொல் வெளிய வருது.”

“நான் பயப்படவே இல்ல,” என்றாள் குட்டி.

சித்தி அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். அவருக்கே கண் கலங்கிவிட்டது. ஒன்பது தடவை எழுதியவர் அவர்தான்!

“மூலத்துல அந்தச் சொல் டைரி முழுக்க வந்துக்கிட்டே இருக்கும். கடைசியிலயும் அதே சொல்தான்,” என்றார். “நம்ம மொழியில மட்டும் அதைக் கடைசிப் பக்கத்துக்குன்னு பத்திரமா எடுத்து வைக்க முடியுது. அந்த எழுத்தாளருக்குத் தெரிஞ்சா பொறாமைப்படுவார்.”

அதைச் சொல்லும்போது சித்தி கொஞ்சம் உயரமாகிவிட்டது போல இருந்தது. நானும்தான்.

உடனே அச்சகத்துக்கு போன் போட்டு, ஒரு சொல் மர்மத்தை முன்னாலேயே உடைத்துவிடுகிறது என்று மட்டும், எந்தச் சொல் என்று சொல்லாமல், சொன்னார். அச்சகக்காரரின் குரல் எனக்கே கேட்டது. அவர் எப்போதும் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே பேசுவதால், அமைதியான இடத்திலும் கத்தித்தான் பேசுவார்.

“கடைசி நேரத்துல மாத்தறேன்னா எப்படிம்மா? கம்ப்யூட்டர்ல பக்கம் போடற பொண்ணு இன்னைக்கு லீவு. நானே உட்காரணும். ஒண்ணரைக்குள்ள வாங்க. இல்லைன்னா இருக்கறதை அப்படியே ஓட்டிடுவேன்!”

“வந்துடறோம்.”

“முப்பது வருஷமா எத்தனையோ பேர் பிழை பார்த்திருக்காங்க. இந்த மாதிரி தப்பை நான் கேள்விப்பட்டதே இல்ல. யாரும்மா கண்டுபிடிச்சது?”

சித்தி என்னைப் பார்த்தார்.

“எங்க வீட்டுப் பொண்ணு,” என்றார்.

ஒன்று இருபதுக்கு குட்டியோடு மூன்று பேரும் அச்சகத்தில் இருந்தோம். வாசலிலேயே மை வாசனையும் எண்ணெய் வாசனையும் வந்து மோதின. உள்ளே இயந்திரம் தடக்கு தடக்கு என்று யாருடைய திருமண அழைப்பிதழையோ அடித்துக்கொண்டிருந்தது. சுவரோரமாக என் உயரத்துக்கு வெள்ளைத் தாள்கட்டுகள். அச்சகக்காரர் பெரிய உருவம். சட்டைப் பையில் நான்கு பேனா, நான்கு நிறம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

“சொல்லுங்க. எந்தப் பக்கம்?”

“நாற்பத்தொண்ணு,” என்றேன்.

அவர் பார்த்துவிடக் கூடாதென்று பதினோரு பழைய சொற்களையும் சித்தி முதலிலேயே எட்டி அழித்துவிட்டார். காலி இடத்தில் அவர் இரண்டே இரண்டு விரலால் தட்டினார். தட்டுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார். “எங்... கள்... வீட்... டுப்... பை... ய... னை... ஆச்சு. அடுத்தது?”

“நீங்க இந்தக் கதையைப் படிச்சிருக்கீங்களா, சார்?” என்று கேட்டேன்.

“நானா? மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்னுக்கிட்டிருந்தா கடை என்ன ஆகும், பாப்பா? நான் அச்சடிக்கறதைப் படிக்கறதே இல்ல. அடுத்தது?”

“ஐம்பத்தெட்டு.”

அவர் அசையவில்லை. திரையில் இன்னும் நாற்பத்தொன்று இருந்தது. பிறகு நாற்பத்திரண்டு வந்தது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

“சார், ஐம்பத்தெட்டு.”

“ஆங்? ஆமா ஆமா. போயிட்டே இருக்கேன். நடுவுல ஏதாவது பிழை இருக்கான்னு பார்க்கறேன்.”

ஐம்பத்தெட்டுக்கு வருவதற்குள் ஐம்பத்தாறு, ஐம்பத்தேழிலும் பிழை பார்த்தார். தொண்ணூற்றாறில் நின்று, “இவன் அப்பன்தானே டைரியை எழுதினது?” என்றார் யாரிடமோ கேட்பது போல. நூற்றிருபதில், “அப்பன் இல்ல போலிருக்கே” என்றார். மூடுபனி வருகிற மூன்று அத்தியாயங்களையும் கூட விடவில்லை. “நல்ல பனி,” என்றார். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். போகட்டும், அந்தப் பனி எனக்கு இன்னும் பிடிக்கவில்லைதான்.

பதினோராவது திருத்தம் நூற்று எண்பதாம் பக்கத்தில் முடிந்தது. மணி இரண்டு ஐந்து. பிளேட் போடுகிறவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“அவ்வளவுதானா?” என்றார் அச்சகக்காரர். அவர் விரல் அடுத்த பக்கத்துக்குப் போகிற பொத்தானுக்கு மேலேயே நின்றது.

நான் சட்டென்று திரையை இரண்டு கைகளாலும் மறைத்தேன். “கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டக் கூடாது, சார். புத்தகமா வந்ததும் முதல்லேர்ந்து படிங்க. சத்தியம் பண்ணுங்க.”

“என் அச்சகத்துல எனக்கே தடையா?”

“சத்தியம்!”

அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி ரொம்ப மும்முரமாகத் தாள்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவர் என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். என் கையில் மை ஒட்டிக்கொண்டது.

பிளேட் போடும் அறையில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பளபளவென்று ஒரு தகடு வெளியே வந்தது. சித்தி அதைத் தொடாமல், விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அதில் இருந்த தன் வரிகளைக் காற்றிலேயே தடவிக்கொண்டிருந்தார். இந்த மர்மம் இனிமேல் கடைசிப் பக்கம் வரை யாருக்கும் தெரியாது. அதற்கு நானும் கொஞ்சம் காரணம்.

கிளம்பலாம் என்று குட்டியின் கையைப் பிடித்தேன். அதற்குள் அச்சகக்காரர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். அக்கம் பக்கம் பார்த்தார். அவ்வளவு பெரிய உருவத்தை மடக்கி, எங்கள் உயரத்துக்குக் குனிந்தார்.

அவர் கேட்கப்போவது புரிந்ததும் குட்டியின் முகம் மலர்ந்தது. அவளுக்குத்தான் விடை தெரியுமே! அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பொத்திவிட்டேன். ஆடுகிற பல் என் உள்ளங்கையில் இடித்தது.

இயந்திரம் நின்றிருந்தது. இருந்தாலும் முப்பது வருடத்தில் முதல் தடவையாக இருக்கும், அவர் கத்தாமல் பேசினார்.

“பாப்பா, கடைசிப் பக்கத்தைப் புரட்ட மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன். கேட்க மாட்டேன்னு பண்ணலையே. காதோட காதா... அந்த டைரிக்காரர் யாருன்னு மட்டும் சொல்லிடேன்?”